நஞ்சுக்கொடிக்குக் காய்ச்சல் வந்தால்

நாள் தள்ளிப்போனதும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவந்த கிட்டில் இரண்டாவது கோடு விழுகிறது. குழந்தை உண்டாகியிருக்கிறது என்று வீடே பூரிக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டது குழந்தை அல்ல. அப்போது கருவுக்கு மூளையும் இல்லை, கைகாலும் இல்லை. கருவைச் சூழ்ந்து கருப்பைச் சுவரில் பதிந்த செல்கள்தான், அதாவது பின்னாளில் நஞ்சுக்கொடி ஆகப்போகிறவைதான், எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து தாயின் ரத்தத்தில் கலந்தன. அது சிறுநீரில் இறங்கிக் கோடாகத் தெரிந்தது. கருவுக்கு இதயம் துடிக்கும் முன்பே நஞ்சுக்கொடி பேச ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த ஒன்பது மாதமும் அது வாய் மூடுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் நஞ்சுக்கொடியை ஒரு பாலமாகத்தான் படித்தோம். தாயிடமிருந்து சத்தும் ஆக்ஸிஜனும் அந்தப் பக்கம் போகும், கழிவு இந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான். அதனால் கர்ப்பிணிக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் நமக்கு எழும் கேள்வியும் ஒன்றே: கிருமி பாலத்தைத் தாண்டிக் குழந்தையைத் தொட்டுவிட்டதா?

அந்தக் கேள்விக்கு நியாயமான வரலாறு உண்டு. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். கிட்டத்தட்ட எல்லாத் தாய்மார்களுக்கும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை போட்டிருந்தது. தாய்க்கு வந்த சாதாரண அம்மை குழந்தையின் கண்ணைப் பறிக்கும் என்று உலகம் அப்போதுதான் நம்பத் தொடங்கியது. ரூபெல்லா உண்மையாகவே நஞ்சுக்கொடியைக் கடந்து போகும் வைரஸ். ஆனால் பெரும்பாலான வைரஸ்கள் அப்படிக் கடப்பதில்லை. கடக்காதபோதும் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்தக்கொதிப்பு என்று விளைவுகள் சில கர்ப்பங்களில் வந்து சேர்கின்றன. அதை விளக்க வேண்டுமானால் நஞ்சுக்கொடியைப் பாலமாகப் பார்ப்பதை விட்டு, சுரப்பியாகப் பார்க்க வேண்டும். கிருமி எங்கே போயிற்று என்பதோடு, நஞ்சுக்கொடி சுரப்பதில் என்ன மாறியது என்றும் கேட்க வேண்டும்.

அரைக் கிலோ சுரப்பி

குழந்தை பிறந்து பத்து முப்பது நிமிடத்துக்குள் நஞ்சுக்கொடி வெளியே வரும். நர்ஸ் அதைத் தட்டில் விரித்துப் பார்ப்பார். குறுக்களவு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, கனம் இரண்டு மூன்று சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய அரைக் கிலோ. கருப்பையில் ஒட்டியிருந்த பக்கம் கருஞ்சிவப்பாக, பதினைந்து இருபது மடல்களாகப் பிரிந்திருக்கும். மடல் ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்கள். உள்ளே தங்கிய துண்டு உதிரப்போக்கை உண்டாக்கும். குழந்தையைப் பார்த்த பக்கம் வழுவழுப்பாக, தொப்புள்கொடியிலிருந்து கிளம்பிய ரத்தக்குழாய்கள் ஓடிப் பரந்து கிடக்கும். மடல் ஒன்றைக் கிள்ளித் தண்ணீரில் அலசினால் நூல் நூலாகக் கிளைத்த நுண்ணிய விரல்கள் மிதக்கும். அந்த விரல்களின் மேற்பரப்பை எல்லாம் விரித்துச் சேர்த்தால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான தாய் ரத்தம் அவற்றை நனைத்து ஓடுகிறது. சுரப்பது நேரே அந்த ரத்தத்தில் கலக்கும்.

இங்கே சுரப்பவற்றில் எச்.சி.ஜி. முதல் ஆள். ஆரம்ப வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, எட்டு முதல் பத்து வாரத்தில் உச்சம் தொடும். சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் மஞ்சள் திசுவை வாடிப்போகாமல் காத்து, அதைப் புரோஜெஸ்டிரோன் சுரக்க வைப்பது இதன் வேலை. பிறகு அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடியே எடுத்துக்கொள்கிறது. 1970-களில் ஆர்பாட் சாப்போ என்ற மருத்துவர் இந்தக் கைமாற்றத்தின் காலத்தைக் கண்டறிந்தார். ஏழு வாரத்துக்கு முன் மஞ்சள் திசுவை நீக்கினால் கரு கலைந்தது, ஒன்பது வாரத்துக்குப் பின் நீக்கினால் கர்ப்பம் நின்றது.

புரோஜெஸ்டிரோனை நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் வரும் கொலஸ்ட்ராலிலிருந்து செய்கிறது. நிறைமாதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 250 மில்லிகிராம். கருப்பைத் தசையை இறுகவிடாமல் அடக்கி வைப்பதும், தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தையை அந்நியமாக நினைத்துச் சீறாமல் தணித்து வைப்பதும் இதுதான். ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பில் குழந்தைக்கும் பங்கு உண்டு. குழந்தையின் அட்ரீனல் சுரப்பி மூலப்பொருளைத் தர, நஞ்சுக்கொடி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. எச்.பி.எல். என்ற இன்னொன்று கடைசி மாதங்களில் நாளுக்கு ஒரு கிராம் அளவுக்குச் சுரக்கிறது. தாயின் உடலில் இன்சுலினின் பிடியைத் தளர்த்தி, சர்க்கரையைக் குழந்தையின் பக்கம் திருப்பிவிடுவது அதன் உத்தி.

இன்னும் ஒன்று உண்டு, சி.ஆர்.எச். மூளையும் இதைச் சுரக்கிறது, நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடினால் மூளை சி.ஆர்.எச்.சைக் குறைத்துக்கொள்ளும். நஞ்சுக்கொடியோ நேர்மாறாக இன்னும் அதிகம் சுரக்கும். 1995-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் ரோஜர் ஸ்மித்தின் குழு, கர்ப்பத்தின் நடுவிலேயே சி.ஆர்.எச். அதிகமாக இருந்த பெண்களுக்குப் பிரசவம் முந்தியது என்று காட்டியது. பிரசவ நாளைக் குறிக்கும் கடிகாரம் ஒன்று நஞ்சுக்கொடிக்குள் ஓடுகிறது என்ற கருத்து அங்கிருந்துதான் வந்தது.

பழைய வைரஸ் கட்டிய படலம்

இந்த ஹார்மோன்களில் பெரும்பகுதியைச் சுரப்பது அந்த நுண்விரல்களைப் போர்த்தியிருக்கும் ஒரே ஒரு படலம். சின்சிடியோட்ரோபோபிளாஸ்ட் என்பது அதன் மருத்துவப் பெயர். உடலில் இதுபோல் வேறொன்று கிடையாது. அடியில் உள்ள தனித்தனிச் செல்கள் ஒன்றோடொன்று கலந்து, நடுச்சுவர்களை இழந்து, கோடிக்கணக்கான உட்கருக்கள் மிதக்கும் ஒரே விரிப்பாக ஆகிவிடுகின்றன. அந்த உட்கருக்கள் மறுபடி பிளவுபடுவதில்லை. படலம் தேயத் தேய அடியிலிருந்து புதுச் செல்கள் வந்து கலந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

செல்களை அப்படிக் கலக்க வைப்பது எது? 2000-ஆம் ஆண்டு விடை கிடைத்தது. சின்சிடின் என்ற புரதம். அதை உண்டாக்கும் மரபணு மனிதனுக்குச் சொந்தமானதே அல்ல. இரண்டரைக் கோடி ஆண்டுகள் வாக்கில் நம் முன்னோர்களான குரங்கினத்தைத் தொற்றிய ஒரு ரெட்ரோ வைரஸ் விட்டுப்போனது அது. செல்லின் சவ்வோடு தன் உறையைக் கலந்து உள்ளே நுழைய அந்த வைரஸ் பயன்படுத்திய புரதத்தை, செல்லும் செல்லும் கலப்பதற்கு உடல் எடுத்துக்கொண்டது. சின்சிடின்-2 என்ற இன்னொன்று இதைவிடவும் பழையது, நான்கு கோடி ஆண்டுக்கும் முந்தையது. எலிகளும் தங்கள் பங்குக்கு வேறு வைரஸ்களிடமிருந்து வேறு சின்சிடின்களைப் பெற்றிருக்கின்றன. நுழைவதற்கு வைரஸ் வைத்திருந்த கருவியாலேயே கட்டப்பட்ட சுவர் இது.

சுவர் உறுதியானதும்கூட. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இடுக்கே இல்லாததால், இடுக்கு வழியாகப் பரவும் கிருமிகளுக்கு வழி கிடையாது. 2016-இல் பிட்ஸ்பர்க்கில் கரோலின் காய்ன், யோவெல் சடோவ்ஸ்கி ஆகியோரின் குழு இன்னொரு ஆயுதத்தையும் கண்டது. நிறைமாத நஞ்சுக்கொடியின் செல்கள், கிருமி எதுவும் தொடாதபோதே இன்டர்ஃபெரான் லாம்டா என்ற எதிர்ப்புப் புரதத்தை இடைவிடாமல் கசியவிடுகின்றன. பிரேசிலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை உலுக்கிய ஜிகா வைரஸால் அந்தச் செல்களைத் தொற்ற முடியவில்லை.

ஆக, கிருமியைத் தடுப்பதும் ஹார்மோன் சுரப்பதும் ஒரே படலத்தின் பொறுப்பு. வாசல் காவலையும் அடுப்படியையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்த வீடு மாதிரி இது. வாசலில் தகராறு வந்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும். வைரஸ் தொற்றின்போது ஹார்மோன் கணக்கு ஏன் பிசகுகிறது என்பதற்கான விடையில் பாதி இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

நேரடித் தாக்குதல்

கிருமி படலத்தையே தாக்குவது முதல் வழி. அரிதானது, ஆனால் கொடியது. கொரோனா வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற ஏற்பி நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. ஆனாலும் கொரோனா வந்த பெரும்பாலான கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியை வைரஸ் தொடவில்லை. தொட்ட சில கர்ப்பங்களில் என்ன நடந்தது என்பதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 12 நாடுகளிலிருந்து, குழந்தை வயிற்றிலேயே இறந்த அல்லது பிறந்த சில நாளில் இறந்த 68 சம்பவங்களின் நஞ்சுக்கொடிகளை நோய்க்குறியியல் மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தளும்பி ஓட வேண்டிய இடைவெளிகளில் ஃபைப்ரின் என்ற உறைபொருள் கெட்டித்துக் கிடந்தது. அதற்குள் வெள்ளணுக்கள் மொய்த்திருந்தன. நுண்விரல்களைப் போர்த்திய படலம் செத்திருந்தது. சராசரியாக நஞ்சுக்கொடியின் 77.7 சதவீதம் பாழாகியிருந்தது. அந்தக் குழந்தைகளைக் கொன்றது ஆக்ஸிஜன் பஞ்சம். தடுப்பூசி விவரம் தெரிந்த தாய்மார்களில் ஒருவர்கூட ஊசி போட்டிருக்கவில்லை. முக்கால் பங்கு படலம் செத்த பிறகு, ஹார்மோன் சுரக்க மிச்சம் என்ன இருக்கும்?

ஜிகா வேறு மாதிரி. மேல் படலத்தோடு மோதாமல், விரல்களுக்கு உள்ளே இருக்கும் ஹாஃப்பாவர் செல்கள் என்ற விழுங்கணுக்களிலும், படலத்துக்குப் புதுச் செல் வழங்கும் அடிச் செல்களிலும் குடியேறுகிறது. ஜிகா தொற்றிய நஞ்சுக்கொடிச் செல்களில் கொழுப்பைக் கையாளும் முறையே மாறிவிடுவதை 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கொழுப்புத் துளிகள் பெருகின, செல்லின் ஆற்றல் உற்பத்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா தடுமாறியது. கொலஸ்ட்ராலைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் முதல் படி நடப்பது அதே மைட்டோகாண்ட்ரியாவில்தான். ஹார்மோன் தயாரிப்பு வைரஸின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை இது உணர்த்துகிறது.

பிறவித் தொற்றுகளில் உலகில் மிகப் பரவலான சைட்டோமெகலோ வைரஸ் குறிவைப்பது கருப்பைச் சுவருக்குள் துளைத்துச் செல்லும் நஞ்சுக்கொடிச் செல்களை. அந்தச் செல்கள்தான் தாயின் குறுகிய தமனிகளை அகலத் திறந்துவிட்டு, ரத்தம் தாராளமாகப் பாய வழி செய்கின்றன. அவை பாதி வழியில் நின்றுவிட்டால் படலத்துக்கு வரும் ரத்தமே குறையும். பசியோடு இருக்கும் படலம் முழு வேலை செய்யாது.

அலாரமே ஆபத்தாகும்போது

இரண்டாவது வழியில் சேதம் செய்வது வைரஸ் அல்ல, அதைக் கண்டு உடல் அடிக்கும் அலாரம். 2018-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு ஜிகா தொற்றிய எலிகளில் ஒரு நுட்பமான சோதனை செய்தது. ஒரே தாயின் கருப்பையில் இரண்டு வகைக் குட்டிகள் இருக்குமாறு ஏற்பாடு. ஒரு வகைக்கு இன்டர்ஃபெரானின் அலாரத்தைக் கேட்கும் ஏற்பி உண்டு, இன்னொரு வகைக்கு இல்லை. அலாரம் கேட்காத குட்டிகளில்தான் வைரஸ் அதிகம் பெருகியது. ஆனாலும் அவை பிழைத்தன. அலாரம் கேட்ட குட்டிகள் மடிந்தன, அவற்றின் நஞ்சுக்கொடிகளும் சீர்குலைந்திருந்தன.

காரணத்தின் ஒரு துண்டு மறு ஆண்டே கிடைத்தது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஒலிவியே ஷ்வார்ட்ஸின் குழு இன்டர்ஃபெரான் தூண்டும் ஐஃபிடிம் என்ற புரதங்களைப் பின்தொடர்ந்தது. வைரஸின் உறை செல்லின் சவ்வோடு கலப்பதைத் தடுப்பது இந்தப் புரதங்களின் தொழில். இன்ஃபுளுயன்சா உட்படப் பல வைரஸ்களை இவை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் நஞ்சுக்கொடிச் செல்கள் ஒன்று கலப்பதும் அதே வகைக் கலப்புதான், அதே பழைய வைரஸ் புரதத்தால் நடப்பது. ஐஃபிடிமுக்கு நல்ல கலப்பு, கெட்ட கலப்பு என்று பிரித்தறியத் தெரியாது. மனித நஞ்சுக்கொடிச் செல்களில் அது பெருகியபோது சின்சிடினின் வேலை நின்றது, படலம் உருவாகவில்லை. வைரஸ் தாக்கியதுபோல ஏமாற்றும் செயற்கை ஆர்.என்.ஏ.வைக் கர்ப்பிணி எலிகளுக்குச் செலுத்தியபோது கருக்கள் அழிந்தன. ஐஃபிடிம் மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிகளில் அந்த அழிவு நேரவில்லை.

இதன் விளைவை ஹார்மோன் கண்ணோடு பார்த்தால் தெளிவாகும். தனித்தனியாக நிற்கும் அடிச் செல்கள் எச்.சி.ஜி.யைப் பெரிய அளவில் சுரப்பதில்லை. ஒன்று கலந்த பிறகே அந்தச் சுரப்பு முழு வீச்சுக்கு வரும். கலப்பைத் தூண்டும் சமிக்ஞைகளும் சுரப்பைத் தூண்டும் சமிக்ஞைகளும் பெருமளவு ஒன்றே. எச்.சி.ஜி.யும் திரும்பி வந்து மேலும் கலப்பை ஊக்குவிக்கிறது. ஆகவே கலப்பு தடைபட்டால் மேல் படலம் மெலிவதோடு நிற்பதில்லை, சுரப்பும் சேர்ந்து சரிகிறது. பழைய வைரஸ் ஒன்றைப் பணிக்கு அமர்த்திக்கொண்டதற்கு உடல் கொடுக்கும் விலை என்று இதைச் சொல்லலாம்: புது வைரஸை எதிர்க்கும் ஆயுதம் பழைய வைரஸின் மேலும் பாய்கிறது.

நுரையீரலில் நெருப்பு, கருப்பையில் புகை

மூன்றாவது வழியில் கிருமி கருப்பையின் பக்கமே வருவதில்லை. இன்ஃபுளுயன்சா இதற்கு உதாரணம். அது பெரும்பாலும் மூச்சுப்பாதையைத் தாண்டுவதில்லை. ஆனால் நுரையீரலில் எழும் அழற்சிச் சமிக்ஞைகளான சைட்டோகைன்கள் ரத்தத்தோடு ஓடி எல்லா இடத்துக்கும் போகும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாப்ரா க்ளைனின் குழு கர்ப்பிணி எலிகளுக்கு ஃப்ளூ தொற்றச் செய்து பார்த்தது. ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிந்தது, குட்டிகள் பாதிக்கப்பட்டன. செயற்கைப் புரோஜெஸ்டிரோன் கொடுத்தபோது தாய், குட்டி இரண்டின் பாதிப்பும் தணிந்தது. ஒன்றை மறக்கக் கூடாது. எலியின் கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோனைக் கடைசிவரை சுரப்பது சினைப்பையே. மனிதரில் அந்த வேலை நஞ்சுக்கொடியுடையது என்பதால் எலியின் கணக்கை அப்படியே நம் மேல் ஏற்றிவிட முடியாது. ஆனால் தூரத்து அழற்சி கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைத் தொட முடியும் என்பது இதனால் உறுதியாகிறது.

கார்டிசால் விஷயமும் இங்கே சேர்கிறது. நோயுற்ற தாயின் ரத்தத்தில் கார்டிசால் ஏறும். சாதாரண நாளில் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிட்டுத்தான் குழந்தையின் பக்கம் விடும். ஆய்வகத்தில் நஞ்சுக்கொடிச் செல்கள் மேல் அழற்சிச் சைட்டோகைன்களைச் செலுத்தினால் அந்த நொதி குறைகிறது. கதவு சற்றே திறந்துகொள்கிறது. வளரும் காலத்தில் மிகையான கார்டிசால் குழந்தையின் எடையைக் குறைக்கும். இந்தப் பக்கம் அதே கார்டிசால் நஞ்சுக்கொடியின் சி.ஆர்.எச்.சை உந்தி, பிரசவக் கடிகாரத்தின் முள்ளை முன்னே தள்ளுகிறது. அழற்சியால் கூடும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் கருப்பைத் தசையை இறுக்கத் தயார்ப்படுத்துகின்றன. கடும் காய்ச்சலுக்குப் பின் சிலருக்குக் குறைமாதத்தில் வலி எடுப்பதன் பின்னணியில் இந்தச் சங்கிலி இருக்கிறது.

ரத்தக்கொதிப்பும் இதே வரிசையில் வருகிறது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் பிரீ-எக்லாம்ப்சியா நோயில், ரத்தக்குழாய்களை வளர்க்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தை நஞ்சுக்கொடி குறைவாகவும், அதை முடக்கும் இன்னொரு புரதத்தை அதிகமாகவும் வெளிவிடுகிறது. கொரோனா காலத்தில் 18 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த இன்டர்கோவிட் ஆய்வில், தொற்று வந்த கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. இருமல்கூட இல்லாமல் தொற்று வந்துபோனவர்களுக்கும் அது பொருந்தியது.

மறுதிசைக் கதை: மஞ்சள்காமாலை

வைரஸ் வந்தால் ஹார்மோன் குறையும் என்று ஒரே வரியில் முடித்துவிட இயலாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1955 இறுதியில் தில்லியில் யமுனையின் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள்காமாலை. அது ஹெபடைட்டிஸ் ஈ வைரஸின் வேலை என்பது பல்லாண்டுகள் கழித்தே தெரிந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் தேறிவிடும் இந்த நோயில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்களில் 20 முதல் 25 சதவீதம் பேர்வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கர்ப்பிணிகளை மட்டும் ஏன் இப்படிக் குறிவைக்கிறது? 2007-இல் தில்லி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த வைரஸால் ஈரல் செயலிழந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், எச்.சி.ஜி. மூன்றும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. எதிர்ப்பு அணுக்கள் சில குறைந்திருந்தன. மிகுந்த ஹார்மோன்கள் எதிர்ப்பைத் தணித்து வைரஸுக்கு வழி விட்டிருக்கலாம். ஈரல்தான் இந்த ஹார்மோன்களைச் சிதைத்து வெளியேற்றும் உறுப்பு என்பதால், அது பழுதானதன் விளைவாகவும் அளவு கூடியிருக்கலாம். எது முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒன்று விளங்குகிறது. ஹார்மோனும் தொற்றும் ஒருவழிப் பாதையில் பயணிப்பதில்லை. குழந்தையைத் தாங்குவதற்காக நஞ்சுக்கொடி செய்துவைத்த சமாதானத்தை ஒரு கிருமி தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளவும் முடியும்.

மூளைவரை போகும் கணக்கு

ஒரு வாரக் காய்ச்சலில் சில ஹார்மோன்கள் ஏறி இறங்கினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றலாம். கருவின் வளர்ச்சியில் ஒரு வாரம் என்பது நீண்ட காலம். எந்த வாரத்தில் எந்த உறுப்பு உருவாகிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் பொனான் குழுவினர் இதை எலிகளில் பார்த்தார்கள். நடுக் கர்ப்பத்தில் குட்டியின் முன்மூளைக்கு வேண்டிய செரோடோனினை நஞ்சுக்கொடியே தயாரித்து அனுப்புகிறது என்று 2011-இல் காட்டினார்கள். 2016-இல், வைரஸ் இல்லாமல் வைரஸ்போல ஏமாற்றும் அதே செயற்கை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தித் தாயிடம் மிதமான அழற்சியை உண்டாக்கினார்கள். நஞ்சுக்கொடி செரோடோனினை அளவுக்கு மிஞ்சித் தயாரித்தது, குட்டியின் மூளையில் நரம்பிழைகள் வளர்வது மட்டுப்பட்டது. அங்கே கிருமி என்று ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2021-இல் அன்னா பென் குழுவினர் வேறு திசையிலிருந்து வந்தார்கள். புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடி மட்டும் தயாரிக்க முடியாதபடி எலிகளின் மரபணுவை மாற்றினார்கள். பிறந்த ஆண் குட்டிகளின் சிறுமூளையில் நரம்புகளின் உறை மாறியிருந்தது. மற்ற எலிகளோடு பழகும் விதத்திலும் ஆட்டிசத்தை ஒத்த மாற்றங்கள் தெரிந்தன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அந்த ஹார்மோனைக் கொடுத்ததும் அந்த மாற்றங்கள் குறைந்தன. இது வைரஸ் ஆய்வல்ல. ஆனால் நஞ்சுக்கொடியின் ஒரே ஒரு சுரப்பு தவறினால் அதன் தடம் மூளைவரை போகும் என்பதைக் கண்முன் வைக்கிறது.

மாத்திரை போட்டால் சரியாகுமா?

குறையும் ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்பது இயல்பான யோசனை. எலியில் பலித்தது மனிதரில் எளிதாகப் பலிப்பதில்லை. குறைப்பிரசவத்தைத் தடுக்க அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற செயற்கைப் புரோஜெஸ்டிரோன் ஊசி ஒன்று, பலன் நிரூபணமாகவில்லை என்பதால் 2023 ஏப்ரலில் அனுமதி இழந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மனிதரில் பிரசவம் தொடங்கும்போது ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பெரிதாகக் குறைவதே இல்லை. அதைக் கேட்டு நடக்கும் ஏற்பிகள்தான் மாறிப்போகின்றன, அழற்சி அந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. கேட்கும் காது மந்தமானபின் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. தவிர, படலம் பத்துப் பொருளை நேரம் பார்த்து, அளவு பார்த்துச் சுரக்கிறது. அதில் ஒன்றை மட்டும் வெளியிலிருந்து ஊற்றி அந்தத் தாளத்தை மீட்க முடியாது.

எனவே நஞ்சுக்கொடிக்குச் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் அதைச் சண்டைக்கு இழுக்காமல் இருப்பதுதான். ரூபெல்லா தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது என்பதால் கர்ப்பத்தில் போடக்கூடாது, கர்ப்பம் தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. அன்று பள்ளியில் ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் இப்போது தாயாகும் வயதை எட்டிவருகிறார்கள். ஃப்ளூ ஊசி செயலிழந்த வைரஸால் ஆனது, கர்ப்பத்தில் போடலாம். கொரோனா ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போட 2021 ஜூலையில் மத்திய அரசு அனுமதித்தது. இந்த ஊசிகள் தாயைக் காப்பதற்கு என்றே பேசப்படுகின்றன. தாயின் நுரையீரலில் நெருப்பு பற்றாவிட்டால் நஞ்சுக்கொடிக்குப் புகையும் வராது என்ற கணக்கையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் ஈ-க்கு நம் சந்தையில் ஊசி இல்லை. அங்கே காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் மருந்து. ஜிகாவுக்கும் டெங்குவுக்கும் கொசுவலையும், மூடிய தண்ணீர்த் தொட்டியும்.

காய்ச்சலே வந்துவிட்டால் பயப்படத் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. கர்ப்பகாலத்தில் வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவை தாயையும் குழந்தையையும் தொந்தரவு செய்யாமல் போய்விடுகின்றன, கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேறிய அந்தப் படலத்தின் தயவில். ஆனாலும் காய்ச்சலைக் கொதிக்கவிடாமல் மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் எடுப்பது நல்லது. கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகளை, குறிப்பாக இருபது வாரத்துக்குப் பிறகு, தொடக்கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். காய்ச்சல் விட்டபின் அடுத்த சில வாரங்களுக்கு ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் கூடுதலாக ஒருமுறை பார்த்துக்கொள்வதில் பொருள் உண்டு. வைரஸ் போன பிறகும் சுரப்பின் கணக்கு நேராக நாளாகலாம்.

மருத்துவமனைகள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. கடும் தொற்று வந்த கர்ப்பத்தின் நஞ்சுக்கொடியைக் குப்பைக் கூடைக்கு அனுப்பாமல் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். குழந்தை ஏன் எடை குறைந்தது, பிரசவம் ஏன் முந்தியது என்ற கேள்விகளுக்குப் பல நேரம் விடை அந்த அரைக் கிலோவில் எழுதியிருக்கிறது. அடுத்த கர்ப்பத்தை எப்படிக் கவனிப்பது என்பதையும் அதை வைத்தே தீர்மானிக்கலாம். தாயைப் பரிசோதிக்கிறோம், சேயைப் பரிசோதிக்கிறோம். இருவருக்காகவும் உழைத்த மூன்றாவது உறுப்பையும் நோயாளியாக மதிக்கும் பழக்கம் இன்னும் நமக்கு வர வேண்டும்.